முதல் ஊசிக்கு முன்னால் பில்லைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 49. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியை. எடை 92 கிலோ, உயரம் 156 செ.மீ. எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, தைராய்டு மாத்திரை மூன்றும் ஓடுகின்றன. புதுச்சேரியில் பார்த்த டாக்டர், சர்க்கரையையும் எடையையும் குறைக்க வாரம் ஒருமுறை போடும் மவுன்ஜாரோ ஊசியை 2.5 மி.கி.யில் ஆரம்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். வாந்தி நிற்காது என்று பயமுறுத்துகிறார்கள். தைராய்டு இருந்தால் போடவே கூடாதாம். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர், தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். தை மாதம் மகள் கல்யாணம். அதற்குள் எடை எவ்வளவு குறையும்?

பதில்: முதலில் நீங்கள் கேட்காத ஒன்று. கிளிமிபிரைடு சாப்பிடுவதை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? இந்த ஊசி பசியைக் குறைக்கும், அந்த மாத்திரையோ நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். இரண்டும் சேர்ந்தால் வகுப்பில் நிற்கும்போதே வியர்த்துக் கை நடுங்கலாம். பல பேருக்கு ஊசி ஆரம்பிக்கும்போதே அந்த மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களாகக் குறைக்காதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள்.

வாந்திக்கு வருவோம். குமட்டல் நிறையப் பேருக்கு வரும், நிற்காத வாந்தி சிலருக்குத்தான். இந்த மருந்து இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது, மூளையிடம் ‘போதும்’ என்றும் சொல்கிறது. நீங்கள் அதைக் கேட்காமல் வழக்கம்போல் நாலு இட்லி, மேலே ஒரு வடை என்று போனால் வயிறு திருப்பி அனுப்பிவிடும். இரண்டு இட்லியில் நிறைந்தால் இரண்டோடு எழுந்துவிடுங்கள். பஜ்ஜி, பரோட்டா சால்னா, பிரியாணி மூன்றையும் முதல் மாதம் மறந்துவிடுங்கள். முட்டை, மீன், பருப்பு, தயிர் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டு, இடம் இருந்தால் சாதம். இல்லாவிட்டால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். மலச்சிக்கலும் வரலாம், முட்டை நாற்றத்தோடு ஏப்பமும் வரலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

தொந்தரவு பெரும்பாலும் ஊசிக்கு அடுத்த ஒன்றிரண்டு நாளில் இருக்கும். அதனால் ஆசிரியர்களுக்கு வெள்ளி இரவு போடச் சொல்கிறேன். உடனே, “ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு என்ன சார் ஆவது?” என்பார்கள். கறியைப் புதன்கிழமைக்கு மாற்றுங்கள், ஊர் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

தைராய்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். சுரப்பு குறைந்து காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த ஊசியில் தடையே இல்லை. தடை ‘மெடுல்லரி’ என்கிற அபூர்வமான தைராய்டு புற்றுநோய்க்குத்தான். எலிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்தபோது அந்த வகைக் கட்டி வந்ததால், உங்களுக்கோ உங்கள் ரத்த உறவில் யாருக்கோ அது வந்திருந்தால் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். கழுத்துக் கழலைக்கு ஆபரேஷன் செய்தவர் எல்லாம் இதில் வர மாட்டார். தைராய்டு புற்றுநோயிலேயே அதிகம் வருவது ‘பாப்பில்லரி’ வகை, அதுவும் இந்தத் தடையில் இல்லை. ஆகவே வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் என்றால் பயாப்சி ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துப் பெயரைப் படியுங்கள். இன்னொன்று. மாமியாருக்கு வந்ததுதானே, நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். அத்தை மகனைக் கட்டியிருந்தால் மாமியார் உங்கள் அப்பாவின் கூடப் பிறந்தவர், அதுவும் ரத்த உறவுதான். நம் பக்கம் சொந்தத்தில் கல்யாணம் செய்கிற குடும்பங்களில் இதை யாரும் கேட்பதே இல்லை.

இப்போது அந்தப் ‘தெரிந்தவர்’. நீங்கள் வாந்திக்குப் பயப்படுகிறீர்கள், எனக்குப் பயம் இவரிடம்தான். என்னிடம் ஒரு பெண் வந்தார், இரண்டு நாளாகத் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. எடை குறைக்கும் இடம் ஒன்றில் வாரா வாரம் ஊசி போட்டிருக்கிறார்கள். என்ன மருந்து, எத்தனை மி.கி. என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. சிரிஞ்சில் இழுத்தபடியே கொண்டுவருவார்களாம், பாட்டிலைக் கண்ணில் பார்த்ததே இல்லை. ஆரம்ப டோஸையே தாண்டிப் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம், நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கீரைக்கட்டு வாங்கினாலே பிரித்துப் பார்க்கிறோம்!

போலி என்பது வெறும் வதந்தி இல்லை. 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே போலி செமாக்ளூடைடு (மவுன்ஜாரோ போன்ற இன்னொரு வார ஊசி மருந்து) ஊசிகள் பற்றி எச்சரிக்கை விட்டது. போலியாக இல்லாமலே கெட்டுப்போன சரக்கும் உண்டு. இது 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கியில் அரை நாள் சுற்றிவந்த பேனா (மருந்து நிரப்பி வரும் பேனா வடிவ ஊசி) பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். ஒரு பேனாவை இரண்டு பேர் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்வோம் என்று டீச்சர் சொன்னாலும் வேண்டாம். ஊசி முனையை மாற்றினாலும் ரத்தத்தில் பரவும் நோய் தொற்றலாம். லைசென்ஸ் உள்ள மருந்துக்கடையில், சீட்டைக் காட்டி, பேட்ச் எண் எழுதிய பில்லோடு வாங்குங்கள். ஃபிரிட்ஜைத் திறந்து உங்கள் கண் முன்னால் எடுத்துத் தரட்டும். புதுச்சேரியில் வாங்கினால் பஸ்ஸில் வர ஒரு மணி நேரம் ஆகும், ஐஸ் பேக்கைத் துண்டில் சுற்றிப் பையில் வையுங்கள். பேனா ஐஸைத் தொடக் கூடாது, உறைந்துபோனால் குப்பைதான். வீட்டில் ஃபிரீசருக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயலடித்தால் கரண்டு எப்போது வரும் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ‘தானே’ புயல் அடித்த 2011 நினைவிருக்கும். மழைக்காலத்தில் இரண்டு மூன்று பேனா வாங்கி அடுக்காதீர்கள், ஒரு மாதத்துக்கு ஒன்று போதும்.

பாதி விலை ஆசை ஏன் வருகிறது என்று எனக்கும் தெரியும். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் போகிறது, இன்சூரன்ஸ்காரர்களோ குண்டாக இருப்பதை அழகுப் பிரச்சினை என்றே நினைக்கிறார்கள். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தைச் சீட்டில்லாமல் விற்றால் கேட்க ஆளில்லை. டாக்டர்களான நாங்களும் யோக்கியமில்லை. எழுதிக் கொடுத்த டாக்டர் உங்களோடு ஐந்து நிமிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கல்யாணத்துக்குள் எவ்வளவு என்றால், எண்ணிக்கை சொல்ல மாட்டேன். 2.5 மி.கி. எடையைக் குறைக்கும் டோஸே அல்ல, வயிற்றைப் பழக்கும் டோஸ். நாலு வாரம் கழித்து 5, அப்புறம் தேவைப்பட்டால் இன்னும் மேலே. சர்க்கரை உள்ளவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில் உச்ச டோஸான 15 மி.கி.யில் 72 வாரத்தில் சராசரியாக 15 சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. உங்கள் கணக்குக்கு அது 13, 14 கிலோ. கல்யாணம் முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று நினைத்தால் இப்போதே நினைப்பை மாற்றுங்கள். செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு வருடத்தில் திரும்பிவந்தது. பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் மறந்துவிட்டால் நாலு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம், தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வெள்ளியில் தொடருங்கள். மேல் வயிற்றில் கடுமையாக வலித்து முதுகு வரை இழுத்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, கசாயம் போட்டுப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். எட்டு வருடச் சர்க்கரை என்பதால், ஆரம்பிக்கும் முன் விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது. புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கண்ணில் சொட்டு விடுவார்கள், திரும்பி வர யாரையாவது கூட்டிப் போங்கள்.