ஒரு கப் என்பது எத்தனை கிராம்?

கேக் செய்முறையில் ‘2 கப் மைதா’ என்று போட்டிருக்கிறது, வீட்டில் இருப்பதோ கிராம் காட்டும் தராசு, ஒரு கப்புக்கு எத்தனை கிராம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் பலரும் தடுமாறும் இடம் இது. ஒரே எண்ணில் பதில் கிடையாது. கப்பும் நாட்டுக்கு நாடு மாறும், அதற்குள் போடும் பொருளின் எடையும் மாறும்.

செய்முறை எந்த நாட்டில் எழுதப்பட்டது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் கப் 237 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250, ஜப்பானியக் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி.தான். அதைக் கொண்டு அமெரிக்கச் செய்முறைக்கு அளந்தால் கால் பங்கு குறைந்துவிடும். உங்கள் கப் எது என்று தெரியவில்லையென்றால் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். 1 மி.லி. தண்ணீர் 1 கிராம் என்பதால், தராசு காட்டும் எண்ணே கப்பின் கொள்ளளவு. டீஸ்பூன் அநேகமாக எங்கும் 5 மி.லி. டேபிள்ஸ்பூன் 15, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20.

இனி எடை. அமெரிக்கக் கப்பில் தண்ணீர் 237 கிராம், எண்ணெய் சுமார் 218, வெண்ணெய் 227, சர்க்கரை 200, பொடித்த சர்க்கரை 120, தேன் 340. செய்முறை 250 மி.லி. கப்பில் இருந்தால் இவற்றை 1.06-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மைதாவில்தான் கேக் கெடுகிறது. கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் ஒரு கப் 120 முதல் 125 கிராம். கப்பையே பையில் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 150 கிராம்கூட ஏறிவிடும். இரண்டு கப்புக்கு 50, 60 கிராம் கூடுதல். கேக் வறண்டு, மேலே வெடித்து, கெட்டியாக வருவதற்கு அடுப்பைக் குறை சொல்வார்கள், பல நேரம் காரணம் இந்த மாவுதான். கப்பைத் தட்டி மாவை இறக்குவதும் அதே தவறு. செய்முறையில் கிராம் கொடுத்திருந்தால் கப்பைத் தொடவே வேண்டாம். கொடுக்கவில்லையென்றால் 125-இல் தொடங்குங்கள். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது.

அவுன்ஸ் என்று பார்த்தால் நிதானியுங்கள், அதில் இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவு, அமெரிக்காவில் 29.6 மி.லி. தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவதால் எல்லாவற்றுக்கும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். 8 திரவ அவுன்ஸ் தேனை நிறுத்தால் 12 அவுன்ஸ் இருக்கும். தராசில் உள்ள ‘மி.லி.’ பொத்தானும் இப்படித்தான், தண்ணீர் என்றே கணக்குப் போடும். 100 மி.லி. எண்ணெய் உண்மையில் 92 கிராம். அமெரிக்கச் செய்முறையில் வெண்ணெய் ‘1 ஸ்டிக்’ என்றால் அரை கப், 113 கிராம்.

உப்பு, ஈஸ்ட், பேக்கிங் பவுடர் போன்ற சிறிய அளவுகளுக்கு ஸ்பூனே நல்லது. ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும் வீட்டுத் தராசு 3 கிராமைச் சரியாகச் சொல்லாது. ஆனால் உப்பின் வகையைக் கவனியுங்கள்: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம், செதில் செதிலாக இருக்கும் சில கோஷர் உப்புகள் 3 கிராம்தான். ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே ஸ்பூனால் போட்டால் உப்பு இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகிவிடும்.

முட்டையையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ‘பெரிய’ முட்டை ஓட்டோடு சுமார் 57 கிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் அதே பெயரில் 63 முதல் 73 வரை. அமெரிக்கச் செய்முறை என்றால் உடைத்து ஊற்றி, முட்டைக்கு 50 கிராம் வீதம் நிறுத்துக்கொள்ளுங்கள்.