பேன் பார்க்க வந்த நர்ஸ்

கேள்வி: இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ வசதி எப்படி இருந்தது?

காகிதத்தில் பார்த்தால் பிரமாதம். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களில் ஏகப்பட்ட பேர் உடம்பு தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1907-இன் பள்ளி மருத்துவச் சேவை. முதலில் சோதனை மட்டும்தான் கட்டாயம். "பல் சொத்தை" என்று சீட்டு எழுதிவிட்டால் வேலை முடிந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தாக வேண்டும் என்றது 1918 சட்டம்: கண், பல், டான்சில், தலையில் படர்தாமரை. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுக்க முடிந்த பெற்றோரிடம் காசு வாங்கினார்கள்.

டாக்டர் வருவது பள்ளியில் சேரும்போது, பிறகு 8 வயதில், 12 வயதில். பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த முகம் நர்ஸ்தான். வரிசையில் நிற்கவைத்து, கிருமிநாசினியில் நனைத்த சீப்பால் பின்னலைத் தூக்கிப் பார்ப்பார். "நிட்டி நோரா" என்று பட்டப்பெயர். நிட் என்றால் ஈர். ஈர் இருந்தால் வீட்டுக்குச் சீட்டு போகும். தெருவுக்கே தெரிந்துவிடும் என்பதுதான் அம்மாக்களுக்கு வலித்தது.

எனக்கு உறுத்துவது ஊட்டச்சத்துக் கணக்கு. எடை, உயரத்தைவிட டாக்டரின் கண்மதிப்புக்கே மதிப்பு. ஒரே பிள்ளையை ஒருவர் "நார்மல்" என்பார், இன்னொருவர் "கொஞ்சம் குறைவு" என்பார். வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த 1930களிலும் தலைமை மருத்துவ அதிகாரி ஜார்ஜ் நியூமனின் அறிக்கைகள் 'பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள்' என்ற தொனியில்தான் வந்தன. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

பள்ளி அறிக்கைகளில் இருந்த பேன் கணக்கின் லட்சணமும் 1939-இல் வெளுத்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பியபோது, இடம் கொடுத்த வீட்டுக்காரர்கள் அவர்கள் தலையைப் பார்த்து அலறினார்கள். கோடை விடுமுறை வேறு, பல வாரமாக நர்ஸ் பார்க்கவில்லை. ஆனால் அது பாதிக் காரணம்தான். 1941-இல் பூச்சியியல் அறிஞர் கென்னத் மெல்லன்பி ஆராய்ந்தபோது, பேன் தொல்லை பள்ளி அறிக்கைகள் சொன்னதைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது.

உண்மையிலேயே உருப்படியாக நடந்தது பால் திட்டம். 1934 முதல் அரைப் பென்னிக்கு மூன்றில் ஒரு பைன்ட், அதாவது சுமார் 190 மி.லி. விற்காமல் தேங்கிய பாலுக்கு வழி தேடிய பண்ணைக்காரர்களுக்கும் அதில் லாபம்தான், இருக்கட்டுமே. பாட்டிலின் அட்டை மூடியில் ஸ்ட்ரா நுழைக்க ஒரு ஓட்டை இருக்கும். குடித்து முடித்ததும் அந்த மூடியைக் கழுவி, கம்பளி நூல் சுற்றிக் குஞ்சம் செய்வார்களாம்.