ட்ரோன் மூலம் வீட்டுச் சாமான் டெலிவரி எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறது? அன்றாட வாழ்க்கைக்கு உண்மையிலேயே உதவுமா?

உதவும். ஆனால் மாதச் சாமான் வாங்க அல்ல. வாங்க மறந்த ஒரு பொருள், அவசரமாகத் தேவைப்படும் ஒரு பொருள், இவற்றுக்குத்தான் உதவும்.

நான் ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் கங்காலின் பகுதியில் குடியிருக்கிறேன். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டுக்குச் சொந்தமான விங் இங்கே சில ஆண்டுகள் இந்தச் சேவையை நடத்தியது. நாங்களும் வாங்கியிருக்கிறோம், அதனால் பயன்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ட்ரோன் தரையிறங்குவதே இல்லை. மிட்செல் தொழிற்பேட்டையில் இருந்த தளத்திலிருந்து கிளம்பி, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து, வீட்டுக் கொல்லைக்கு மேலே சுமார் 7 மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் நிற்கும். அங்கிருந்து கயிற்றில் ஓர் அட்டைப்பெட்டி இறங்கும். பெட்டி தரையில் பட்டதும் கொக்கி தானாகக் கழன்றுகொள்ளும், கயிறு மேலே போய்விடும். காபி சொன்னால் சூடு ஆறாமல் வரும்.

எடையில்தான் சிக்கல். அந்த ட்ரோன் தூக்கக்கூடியது ஏறத்தாழ 1.2 கிலோ மட்டுமே. எடை கூடினால் விசிறிகள் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும், சத்தமும் கூடும். 2022 மார்ச்சில் கோல்ஸ் சூப்பர்மார்க்கெட் இதில் சேர்ந்தபோது ரொட்டி, பழம், நொறுக்குத்தீனி என்று சுமார் 250 பொருட்களோடுதான் ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வேண்டிய இட்லி அரிசியும் உளுந்தும் எப்போதும் காரில்தான் வந்தன.

ஆனாலும் அந்த ஒன்றேகால் கிலோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கான்பெராவில் ஊரடங்கு. குழந்தைக்குக் காய்ச்சல், நான் வேலையில், வீட்டில் மனைவி தனியாக. மருந்துக்கடைச் சாமான் கொல்லைப்புறத்தில் வந்து இறங்கியது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அப்படி ஒரு நாளைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கார் ஓட்ட முடியாத முதியவர்கள், பிரசவம் முடிந்து வீட்டில் இருப்பவர்கள், இவர்களுக்காகவே இந்தத் தொழில்நுட்பம் வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

சரி, அப்படியானால் எதிர்ப்பு ஏன் வந்தது? காரணம், ஆர்டர் போடாதவர்கள். எங்கள் பகுதிக்கு வருவதற்கு முன், 2018-இல், தெற்கே போனிதன் என்ற புறநகரில் விங் சோதனை நடத்தியது. பொட்டலம் ஒரு வீட்டுக்குப் போகிறது, அதன் ரீங்காரம் தெரு முழுவதற்கும் கேட்கிறது. அமைதிக்காகவே அங்கே குடிவந்தவர்கள் சேர்ந்து அமைப்பாகத் திரண்டார்கள். நாய்கள் மிரள்வதாகவும், தோட்டத்தில் உட்கார முடியவில்லை என்றும் புகார்கள் போயின. வானத்தில் பாதுகாப்பாகப் பறக்கிறதா என்று பார்க்க சிவில் விமானப் பாதுகாப்பு ஆணையம் இருந்தது. ஆனால் சத்தத்துக்கு யார் பொறுப்பு என்பதில் தெளிவு இல்லை. கான்பெரா சட்டமன்றக் குழு விசாரணை நடத்தியது. விமான இரைச்சலுக்கான மத்திய அரசு விதிகள் இந்தச் சின்ன ட்ரோனுக்கும் பொருந்தும் என்பது 2019-இல்தான் தெளிவானது. விங்கும் விசிறிகளை மாற்றிச் சத்தத்தைக் குறைத்தது.

இந்த எதிர்ப்பை வளர்ச்சிக்குத் தடை என்று நான் பார்க்கவில்லை. அந்த மக்கள் பேசாமல் இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சமாவது அமைதியான ட்ரோன் வந்திருக்காது. அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

அப்புறம் பறவைகள். 2021 செப்டம்பரில் பக்கத்து ஹாரிசன் பகுதியில் ஓர் அண்டங்காக்கை, காபி கொண்டுவந்த ட்ரோனைத் தாக்கியது. இங்கே செப்டம்பர் வசந்த காலம், கூடு கட்டும் பருவம். தன் எல்லைக்குள் எது வந்தாலும் அது பாயும். அந்த இடத்தில் சேவையை நிறுத்திவைத்துப் பறவையியலாளர்களிடம் யோசனை கேட்டார்கள், அது சரியான முடிவு. அடுத்த ஆண்டு குயின்ஸ்லாந்தின் லோகன் நகரில் ஒரு ட்ரோன் மின்கம்பியில் இறங்கிவிட்டது. சுமார் 2,000 வீடுகளில் மின்சாரம் போனது.

கான்பெரா சேவை 2023-இல் நின்றது. தொழிலே முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லோகனில் 2019-இல் தொடங்கினார்கள். எல்லா ஊர்களையும் சேர்த்து 2021 ஆகஸ்டில் விங் ஒரு லட்சம் டெலிவரியை எட்டியது. லோகனில் ஒரு வணிக வளாகத்தின் கூரையிலிருந்தே ட்ரோன்கள் கிளம்பும் ஏற்பாடு அதே ஆண்டில் வந்தது. கடை கீழே, தளம் மேலே. சாமானைத் தனிக் கிடங்குக்குக் கொண்டுபோய் அடுக்கும் வேலை மிச்சம். இந்தச் சேவை நிலைக்க வேண்டுமானால் இந்த வழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2024-இல் மெல்போர்னின் கிழக்குப் புறநகரிலும் வணிக வளாகத்திலிருந்துதான் தொடங்கினார்கள்.

அமேசானின் ஜெஃப் பெஸோஸ் 2013 டிசம்பரில் தொலைக்காட்சியில் நான்கைந்து ஆண்டுகளில் இது வரலாம் என்றார். அமெரிக்காவில் வாடிக்கையாளர்களுக்கு டெலிவரி தொடங்கவே 2022 டிசம்பர் ஆனது. அதில் கலிபோர்னியாவின் லாக்ஃபோர்ட் தளத்தை 2024-இல் மூடினார்கள். பறக்க வைப்பதைவிட ஊரோடு ஒத்துப்போக வைப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்தே தெரியும்.

இன்னொரு குறையும் எனக்கு உறுத்துகிறது. பெட்டி இறங்கத் திறந்த கொல்லை வேண்டும். கொல்லையோடு வீடு உள்ளவரிடம் பெரும்பாலும் காரும் இருக்கிறது. அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் பாட்டிக்குத்தான் இது அதிகம் தேவை, அவருக்குத்தான் எட்டவில்லை. சீனாவில் ஷென்சென் நகரில் மெய்துவான் நிறுவனம் தெருவில் தானியங்கிப் பெட்டகங்களை வைத்து, அதன்மேல் ட்ரோனை இறக்குகிறது. கொல்லை இல்லாதவர்களும் இப்படி வாங்கலாம், ஆனால் பாட்டி கீழே இறங்கி நடந்துதான் வர வேண்டும். உங்கள் பகுதிக்கு இந்தச் சேவை வந்தால் தளம் எங்கே, யார் வீட்டுக்கு மேலே பாதை, எந்த நேரம் வரை பறக்கும் என்ற மூன்றையும் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.