குறைந்த வாட் ப்ராசஸர்கள்: எதை எதோடு ஒப்பிடுவது? (கேள்வி பதில்)

மெல்லிய லேப்டாப்களில் வரும் 6 வாட், 15 வாட் ப்ராசஸர்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், இன்டெல் என்100-க்கு 6 வாட், ஐ3-1215யூ-வுக்கு 15 வாட் என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் 1215யூ இரண்டரை மடங்கு பேட்டரி குடிக்குமா?

பதில்: குடிக்காது. அந்த வாட் எண் லேப்டாப் செய்பவருக்கான கணக்கு. ப்ராசஸர் அடிப்படை வேகத்தில் விடாமல் உழைத்தால் எவ்வளவு சூட்டை வெளியே தள்ள வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். இதே 1215யூ டர்போவில், அதாவது கொஞ்ச நேரம் வேகத்தை ஏற்றி ஓடும்போது, 55 வாட் வரை போகலாம் என்று இன்டெல்லே அனுமதித்திருக்கிறது. நீங்கள் ஏதாவது படித்துக்கொண்டோ டைப் அடித்துக்கொண்டோ இருக்கும்போது இரண்டுமே சில வாட்டுக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைப்பதுதான் பேட்டரிக்கு நல்லது.

கேள்வி: எனக்கும் நண்பனுக்கும் ஒரே ப்ராசஸர், ஒரே அளவு ரேம். ஆனால் சினிபெஞ்சில் (ப்ராசஸரின் வேகத்தைச் சோதிக்கும் மென்பொருள்) அவனுக்கு என்னைவிட நிறைய ஸ்கோர். என் லேப்டாப்பில் கோளாறா அண்ணா?

பதில்: பெரும்பாலும் கோளாறு இருக்காது தம்பி. ஒப்பிடும்போது பலரும் தவறவிடும் இடம் இதுதான். ப்ராசஸருக்கு இரண்டு பவர் வரம்புகள் உண்டு. கொஞ்ச நேரம் மட்டும் தொடக்கூடியது ஒன்று, தொடர்ந்து நிற்கக்கூடியது இன்னொன்று. இரண்டையும் லேப்டாப் கம்பெனி தன் ஃபேனுக்கும் பாடியின் தடிமனுக்கும் ஏற்ப மாற்றி வைக்கலாம். ஒரே சிப் ஒரு லேப்டாப்பில் 12 வாட்டில் நிற்கும், இன்னொன்றில் 25 வாட்டில் ஓடும்.

நீங்களே பார்த்துவிடலாம். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். கீழே ஸ்பீடு என்று இருக்கும் எண்ணை மட்டும் கவனியுங்கள். முதலில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே ஏறி நிற்கும். அரை நிமிடம் வாக்கில் மளமளவென்று இறங்கி ஓர் இடத்தில் நிலைக்கும். நீண்ட வேலைக்கு உங்கள் லேப்டாப்பின் உண்மையான வேகம் அதுதான். அப்புறம், சார்ஜரைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை ஓட்டுங்கள். சில மாடல்கள் பேட்டரியில் இன்னும் கீழே போகும்.

கீக்பெஞ்ச் என்ற இன்னொரு சோதனை மென்பொருளின் ஸ்கோரில் இந்தச் சரிவு அவ்வளவாகத் தெரியாது. அது சின்னச் சின்னச் சோதனைகளாக, நடுவே இடைவெளி விட்டு ஓடுவதால் சிப் ஆறிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. பிரவுசர், வேர்ட் மாதிரி விட்டுவிட்டு வரும் வேலைக்கு அந்த ஸ்கோரை நம்பலாம். வீடியோ எக்ஸ்போர்ட் செய்பவர் நம்பக் கூடாது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஐ5-7200யூ. என்100-க்கு மாறினால் இறக்கமா, ஏற்றமா?

பதில்: ஏற்றம்தான். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யும் ஒரு பகுதி. 2016-இல் வந்த 7200யூ-வில் இரண்டே கோர்; ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளை மாறி மாறிப் பார்ப்பதால் நான்கு த்ரெட் என்று கணக்கு. என்100-இல் நான்கும் தனித்தனிக் கோர்கள். பெயரில் ஐ5 இல்லையே என்று தயங்க வேண்டாம். ஏவி1 என்ற புதிய வகை வீடியோவை ஹார்ட்வேரிலேயே டிகோட் செய்யும் வசதி பழையதில் கிடையாது, இதில் உண்டு. 7200யூ விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் இஎம்எம்சி என்ற மலிவான, மெதுவான ஸ்டோரேஜ் போட்ட என்100 லேப்டாப் வேண்டாம். பழைய மெஷினில் நல்ல எஸ்எஸ்டி இருந்தால், புதியது அதைவிட மந்தமாகத்தான் தெரியும்.

கேள்வி: ரைசன் 5 7520யூ, 7530யூ. எண்ணில் பத்துதானே வித்தியாசம், எது விலை குறைவோ அதை வாங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் தலைமுறையைச் சொல்கிறது. ஜென் என்பது ரைசனைச் செய்யும் ஏஎம்டி தன் கோர் வடிவமைப்புக்கு வைத்த பெயர். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யூ-வில் 4 கோர், 4 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான சின்ன நினைவகம்). 7530யூ-வில் 6 கோர், 16 எம்பி. இரண்டுக்கும் ஒரே "ரைசன் 5" ஸ்டிக்கர் ஒட்டுவது வாங்குபவருக்குச் செய்யும் நியாயம் இல்லை என்பது என் கருத்து. இன்னொன்று, 7520யூ எல்பிடிடிஆர்5 ரேமோடு மட்டும்தான் வரும். அது போர்டிலேயே சால்டர் செய்தது, பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபியில் எடுத்தால் கடைசிவரை 8 ஜிபிதான்.

கேள்வி: ஐ3-என்305-இல் 8 கோர், 1215யூ-வில் 6 கோர். எட்டுதானே வேகம்?

பதில்: என்305-இல் எட்டுமே சின்னக் கோர்கள், உச்சம் 3.8 கிகாஹெர்ட்ஸ். 1215யூ-வில் நான்கு சின்னக் கோர்களோடு 4.4 வரை போகும் இரண்டு பெரிய கோர்கள் இருக்கின்றன. ஒரு கிளிக்குக்கு எவ்வளவு சட்டென்று பதில் வருகிறது என்பதைப் பெரும்பாலும் ஒற்றைக் கோர் வேகம்தான் தீர்மானிக்கிறது. அன்றாட வேலைக்கு நான் 1215யூ-வைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஐ5-1235யூ-வில் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் என்றார்கள். என் லேப்டாப்பில் யுஎச்டி என்று காட்டுகிறதே?

பதில்: ஒரே ஒரு ரேம் ஸ்டிக் இருக்கும், பாருங்கள். டூயல் சேனல், அதாவது ரேம் இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் ஓடும் அமைப்பு, இருந்தால்தான் ஐரிஸ் எக்ஸ்இ என்ற பெயரே வரும். காலி ஸ்லாட் இருந்தால் அதே அளவில் இன்னொன்று போடுங்கள், கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே கூடும்.

கேள்வி: ஃபேன் இல்லாத லேப்டாப் நம்பி வாங்கலாமா?

பதில்: எழுத்து, பிரவுசர், வீடியோ பார்ப்பதற்குத் தாராளமாக. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏர் ஃபேன் இல்லாமலே ஓடுகிறது. மணிக்கணக்கில் கம்பைல், ரெண்டர் என்று போகிறவர்கள் ஃபேன் உள்ளதையே எடுங்கள்.