சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி

கேள்வி: நானும் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். மகன் நைரோபியில் வேலை பார்க்கிறான். அடுத்த வருடம் அவனிடம் போகிறோம். மசாய் மாராவில் ஒரே சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டி நிற்கும் வீடியோவைப் பார்த்ததும் ஆசையே விட்டுப்போனது. கென்யாவில் கூட்டமில்லாத காடு உண்டா ஐயா?
- ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: சாவோ போங்கள் ஐயா. மாரா காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை உலகமே அங்கேதான் வந்து இறங்குகிறது. சாவோ கிழக்கு, சாவோ மேற்கு இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 22,000 சதுர கிலோமீட்டர். எத்தனை வண்டி வந்தாலும் அதற்குள் காணாமல் போய்விடும். விலங்குகளும்தான்! புதர் மண்டிய வறண்ட காடு. மாராவில் அரை மணியில் கண்ணில் படுவதற்கு இங்கே அரை நாள் சுற்ற வேண்டிவரலாம். எனக்கு அது பிடித்திருந்தது. உங்கள் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

யானைகளைப் பார்க்கத்தான் உங்களை அனுப்புகிறேன். சாவோ கிழக்கில் யானை சிவப்பாக இருக்கும். அந்த மண்ணில் குளித்துக் குளித்து ஏறிய நிறம். உங்கள் ஊர்ப்பக்கத் தேரிக்காட்டில் புரண்டு எழுந்து வந்தது போல நிற்கும். அப்புறம் ஜெரனுக். ஒட்டகச்சிவிங்கி மாதிரி கழுத்து நீண்ட மான். பின்னங்கால் இரண்டையும் ஊன்றி நிமிர்ந்து நின்று வேலமரத்து இலையைத் தின்னும். டிரைவர் "சிங்கம், சிங்கம்" என்று பறப்பார். "இதைப் பார்த்துவிட்டுப் போகலாம்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

சிங்கமும் உண்டு, ஆனால் சாவோவின் ஆண் சிங்கங்கள் பலவற்றுக்குப் பிடரி மயிர் சொற்பம், சிலவற்றுக்குச் சுத்தமாக இல்லை. 1898-இல் சாவோ ஆற்றின் மேல் ரயில் பாலம் கட்டியபோது மாதக்கணக்கில் ஆட்களைத் தூக்கிப்போன இரண்டும் அப்படிப்பட்டவைதான். அந்த வேலைக்கு ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுபோனது இந்தியத் தொழிலாளர்களை. சுட்டுக் கொல்லப்பட்ட அந்தச் சிங்கங்கள் இன்று பாடம் செய்யப்பட்டு சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கின்றன.

இப்போது நைரோபி–மொம்பாசா புதிய ரயில் பாதை (2017) காட்டை ஒட்டியே போகிறது. இடையில் நின்று போகிற வண்டியாகப் பார்த்து ஏறி வோய் நிலையத்தில் இறங்கினால், பூங்கா வாசல் பக்கம்தான். முன்கூட்டியே ஜீப் பேசி வைத்துவிடுங்கள். சாவோ மேற்குக்கும் நேரம் ஒதுக்க முடிந்தால் ம்சீமா ஊற்றை விடாதீர்கள். எரிமலைப் பாறைக்குள் வடிகட்டி வரும் கண்ணாடித் தண்ணீர், அதில் நீர்யானைகள். மொம்பாசாவுக்குக் குடிநீரும் இங்கிருந்து குழாயில் போகிறது.

ஏப்ரல், மே, நவம்பர் மழை மாதங்கள், தவிர்த்துவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டாக வேண்டும் (சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள்). சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்திவிடுவார்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். எனவே முதலில் உங்கள் டாக்டரைப் பாருங்கள், டிக்கெட் பிறகு.

கேள்வி: கென்யாவெல்லாம் எங்கள் பட்ஜெட்டுக்கு எட்டாது. ரந்தம்போரில் இருபது பேரோடு கேன்டரில் குலுங்கியது போதும். இந்தியாவில் நிம்மதியாகக் காடு பார்க்க எங்கே போகலாம்?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மத்தியப் பிரதேசத்தில் சாத்புரா, அம்மா. கன்ஹாவுக்கும் பாந்தவ்கருக்கும் போகிற கூட்டம் இங்கே வருவதில்லை. காரணம் எளிது: புலி இருக்கிறது, ஆனால் அவ்வளவு சுலபத்தில் முகம் காட்டாது. கரடி, சிறுத்தை, காட்டெருமை, மலை அணில் போதும் என்பவர்களுக்கான காடு இது. மடயி வாசலில் தேன்வா ஆற்றைப் படகில் கடந்தால்தான் அந்தக் கரையில் ஜீப். அந்தச் சில நிமிடப் படகிலேயே பாதி இரைச்சல் காதிலிருந்து இறங்கிவிடும். வனக் காவலரோடு நடந்தும் போகலாம். புலிகள் காப்பகத்தில் காலால் நடக்க விடுவது நம் நாட்டில் அபூர்வம். நான் நடந்த அன்று பார்த்தது கரடி பிராண்டிய புற்றும் அதன் எச்சமும்தான், கரடியை இல்லை. இருந்தும் ஜீப்பை விட நடையைத்தான் சிபாரிசு செய்வேன்.

சென்னையிலிருந்து டில்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸில் இடார்சியில் இறங்கிக் காரில் போகலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை காட்டின் மையப்பகுதி மூடியிருக்கும். புதன்கிழமை பிற்பகலும் சஃபாரி கிடையாது.

கேள்வி: சிங்கம், புலி இரண்டையும் ஒரே நாளில் கட்டாயம் பார்த்தாக வேண்டும். எங்கே போகலாம்?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வண்டலூர். செவ்வாய்க்கிழமை விடுமுறை.