மியூனிக்கிலிருந்து ஒரு நாள் பயணம்: பழைய ஊர்கள் பற்றிய கேள்வி பதில்

ஜெர்மனியின் மியூனிக்கிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய பழைய ஊர்களைப் பற்றி நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஓர் ஊருக்குத்தான் கூட்டிப்போக முடியும். எது நல்லது?

பதில்: ஆக்ஸ்பர்க். சாதாரண ரயிலிலேயே முக்கால் மணி நேரம்தான். அதிகம் ஏறி இறங்காமல் பார்க்கலாம். கி.மு. 15-ல் ரோமானியர் அமைத்த ஊர் அது. முதலில் ஃபுக்கெரைக்குப் போங்கள். யாக்கோப் ஃபுக்கர் என்ற பெருவணிகர் ஏழைகளுக்காக 1521-ல் நிறுவிய குடியிருப்பு. இன்றும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள். வருட வாடகை 88 சென்ட்! ஹீட்டிங் போன்ற செலவுகள் மட்டும் தனி. குடியிருப்பவர் ஆக்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஏழைக் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், நிறுவியவர் குடும்பத்துக்காகத் தினம் மூன்று முறை ஜெபிக்க வேண்டும். இசைமேதை மொசார்ட்டின் கொள்ளுத்தாத்தா ஒரு கொத்தனார், அவரும் இங்கேதான் குடியிருந்தார். 1944 குண்டுவீச்சில் பெரிதும் அழிந்ததைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு வரலாறு பிடிக்குமென்றால் இதையும் சொல்லுங்கள்: 1505-ல் மிளகு வாங்க மலபாருக்குக் கிளம்பிய போர்ச்சுகீசியக் கப்பல்களில் இந்த ஊர் ஃபுக்கர், வெல்சர் குடும்பங்களின் பணமும் இருந்தது. நம் பக்கத்து மிளகுக்கும் இந்த ஊர்ச் செல்வத்துக்கும் அவ்வளவு பழைய தொடர்பு.

கேள்வி: மதில் சூழ்ந்த ரோத்தன்பர்க் ஊரின் போட்டோக்களைப் பார்த்து ஆசையாக இருக்கிறது. ஒரே நாளில் முடியுமா அண்ணா?

பதில்: முடியும் தம்பி, ஆனால் பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். நடுவில் பல முறை மாறவும் வேண்டும். அங்கே ஒரு இரவு தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஊர் அழகு.

மதில் சூழ்ந்த ஊர்தான் வேண்டுமென்றால் நோர்ட்லிங்கன் போங்கள். டோனாவொர்த்தில் ரயில் மாற வேண்டும். கூரை போட்ட மதில்மேல் நடந்தே ஊரை முழுக்கச் சுற்றி வரலாம். சுமார் 1.5 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த பள்ளத்துக்குள் இருக்கிறது ஊர். அப்பல்லோ 14 விண்வெளி வீரர்கள் 1970-ல் இங்கே பாறைகளைப் பற்றிப் பயிற்சி எடுத்தார்கள். தேவாலயக் கோபுரம் கட்டிய கல்லிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்வைரங்கள் உண்டு. இவ்வளவு இருந்தும் நம்மவர்கள் யாரும் இந்த ஊர்ப் பக்கம் போவதில்லையே என்று எனக்கு வருத்தம்.

கேள்வி: ரேகன்ஸ்பர்க் போகும் வழியில் லாண்ட்ஸ்ஹூட்டையும் பார்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ரேகன்ஸ்பர்க்குக்கே முழு நாள் பத்தாது. கி.பி. 179-ல் எழுந்த ரோமானியக் கோட்டையின் வாசல் இன்னும் தெருவோரத்தில் நிற்கிறது. டான்யூப் மேல் உள்ள கல் பாலம் 12-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய நகர மண்டபத்தில்தான் 1663 முதல் 1806 வரை புனித ரோமானியப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடியது. உள்ளே பார்க்க கைடோடுதான் போக முடியும் என்பதால் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

லாண்ட்ஸ்ஹூட்டில் 130 மீட்டர் உயரச் செங்கல் கோபுரம் இருக்கிறது. இன்னொரு சனிக்கிழமை போய்க்கொள்ளலாம்.

கேள்வி: நாங்கள் நாலு பேர். எந்த டிக்கெட்?

பதில்: பயர்ன் டிக்கெட், அதாவது பவேரியா மாநிலத்துக்குள் சாதாரண ரயில்களில் ஒரு நாள் செல்லும் டிக்கெட். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம். வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறில் அந்தத் தடை இல்லை. ஐசிஇ, ஐசி எனும் நெடுந்தூர விரைவு ரயிலில் மட்டும் ஏறிவிடாதீர்கள். நாடு முழுக்கச் சாதாரண ரயில்களில் செல்லும் மாதாந்தர டாய்ச்லாண்ட் டிக்கெட் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு இது தேவையே இல்லை.

கேள்வி: சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: கேஸ் ஸ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸைச் சைவம் என்று தருவார்கள், ஆனால் மாவில் முட்டை இருக்கும். சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறு, கேட்காமல் வாங்காதீர்கள். பிரெட்ஸல், வேகவைத்த உருளை, சாலட் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும், அதனால் வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள்.