இங்கிலாந்தில் பெனிபிட் எடுக்கும் குடும்பங்களுக்கு இன்சுலேஷன், ஹீட்டிங் எல்லாம் அரசு இலவசமாகச் செய்து தருவது உண்மையா, ஏமாற்றா?

உண்மைதான். ஆனால் ஒருவர் கதவைத் தட்டி, "அரசாங்கத் திட்டம், உங்களுக்கு எல்லாம் ஃப்ரீ, இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்று சொன்னால், அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று என் அம்மாவின் வீட்டை வைத்தே சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது. கிழக்கு லண்டனில் ஒட்டிய வரிசை வீடு, நூறு வருடத்துக்கு மேல் பழையது. அப்பா இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. கடன் முடிந்துவிட்டது, ஆனால் மாதம் கைக்கு வருவது ஸ்டேட் பென்ஷனும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டும்தான். குளிர்காலத்தில் பின் அறையில் மனிதர் இருக்க முடியாது. ஹீட்டிங்கை நிறுத்தி அரை மணித்தியாலத்தில் சுவரில் கை வைத்தால் ஐஸ்போல் இருக்கும். 2023 இலையுதிர் காலத்தில் ஒருவர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, மரியாதையான பேச்சு. அம்மா அவருக்குத் தேநீரும் கொடுத்து, பென்ஷன் கிரெடிட் கடிதத்தையும் காட்டியிருக்கிறார். எனக்கு மாலையில்தான் சொன்னார். நான் அரசின் இணையத்தளத்தில் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. சரி, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். வேலையைச் செய்யப்போவது யார், அந்தச் சுவருக்கு அந்த வேலை பொருந்துமா என்று நான் பார்க்கவில்லை.

பின்பக்கச் சுவருக்கு வெளியே, வீட்டின் சூடு வெளியேறாமல் தடுக்கும் தடித்த இன்சுலேஷன் பலகைகளை ஒட்டி, மேலே பூசிவிட்டுப் போனார்கள். முதல் குளிர்காலம் நன்றாகவே இருந்தது. இரண்டாவது குளிர்காலத்தில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம். துடைத்தால் இரண்டு வாரத்தில் திரும்ப வரும். அம்மாவுக்கு இருமல் தொடங்கி விடவேயில்லை. பிறகு வேறொருவர் வந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. பலகையின் மேல் விளிம்பைக் கூரைக்குக் கீழே சரியாக அடைக்கவில்லை, மழைத்தண்ணீர் பலகைக்கும் செங்கல்லுக்கும் நடுவே இறங்கியிருக்கிறது. தரைப் பலகைகளுக்குக் கீழே காற்றோட்டத்துக்காகச் சுவரில் விட்டிருந்த துளைகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள். சமையலறையில் ஈரக்காற்றை வெளியே இழுக்கும் ஃபேன் இல்லை, அதை யாரும் கேட்கவும் இல்லை.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன். 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை வந்தது. இந்தத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில், அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், திருத்தியே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். உட்சுவர் இன்சுலேஷனில் அது 29 சதவீதம். வாசித்துவிட்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அத்தனையும் வருமானம் குறைந்தவர்கள், வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்தால் உங்களுக்கு முடிவெடுக்க லேசாக இருக்கும். அம்மாவின் வீட்டுக்கு வந்தது எனர்ஜி கம்பெனி ஆப்ளிகேஷன், சுருக்கமாக ஈசிஓ. 2013இல் தொடங்கிய திட்டம். இதில் அரசு நேரடியாகக் காசு கொடுப்பதில்லை. பெரிய கரண்ட், கேஸ் நிறுவனங்கள் ஏழை வீடுகளுக்கு இவ்வளவு வேலை செய்து கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தச் செலவை அவர்கள் எல்லாருடைய பில்லிலும் சேர்த்து எடுத்தார்கள். ஆக, அது தர்மக் காசு இல்லை, நீங்களும் நானும் கட்டிய காசு. கேட்பதற்கு வெட்கப்படத் தேவையே இல்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. நிறுவனம் தானே வந்து வேலை செய்வதில்லை, ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கும், அவர் இன்னொருவரிடம் கொடுப்பார், வீடு பிடித்துக் கொடுப்பதற்கு வேறொருவர் இருப்பார். 2022இல் வந்த நான்காம் கட்டத்தில், ஒரு வேலையால் அந்த வீட்டின் வருடச் செலவு எவ்வளவு குறையும் என்ற கணக்கை வைத்துத்தான் புள்ளி கொடுத்தார்கள். பெரிய வேலைக்குப் பெரிய புள்ளி. வாசலுக்கு வருபவர் உங்கள் வீட்டுக்கு என்ன தேவை என்று பார்ப்பதைவிட, எதில் புள்ளி அதிகம் என்று பார்ப்பதற்கே அங்கே வழி இருந்தது.

2025 நவம்பர் பட்ஜெட்டில் ஈசிஓவை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்துவிட்டது. அதனால் இப்போதும் யாராவது "திட்டம் முடியப்போகிறது, இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் இன்னும் கவனமாக இருங்கள்.

இங்கிலாந்துப் பகுதிக்கு இன்று நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் கவுன்சில். 2025 ஏப்ரலில் தொடங்கிய "வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்" கவுன்சில்கள் வழியாகத்தான் நடக்கிறது. சொந்த வீடு அல்லது தனியார் வாடகை வீடாக இருக்க வேண்டும். வீட்டின் எனர்ஜி சான்றிதழ், அதுதான் ஈபிசி என்கிறோமே, டி முதல் ஜி வரைக்குள் இருக்க வேண்டும் (ஏ மிக நல்லது, ஜி மிக மோசம்). உங்கள் முகவரியைப் போட்டால் அரசின் இணையத்தளத்திலேயே அதைக் காசில்லாமல் பார்க்கலாம். வருமானத்துக்கு மூன்று வழி. யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் பெனிபிட் ஒன்று எடுத்தால் போதும். அல்லது குடும்பத்தின் மொத்த வருமானம் வருடத்துக்கு 36,000 பவுண்டுக்குள் இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால், வசதி குறைந்த பகுதி என்று பட்டியலில் இருக்கும் போஸ்ட்கோடில் வீடு இருந்தால் போதும். பெனிபிட் எடுக்காத, சம்பளம் குறைந்த குடும்பமும் கேட்கலாம் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. இன்சுலேஷன் போன்ற வேலைகளுக்கு 15,000 பவுண்ட் வரை, ஹீட் பம்ப் போன்ற புதிய ஹீட்டிங்குக்குத் தனியாக 15,000 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சொந்த வீட்டில் இருப்பவர் கையில் இருந்து ஒரு பவுண்டும் போட வேண்டியதில்லை. காசு உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது, வேலை செய்பவருக்கே போகும். அதனால் பெனிபிட் வெட்டுப்படுமோ என்ற பயம் வேண்டாம். வேல்ஸ், ஸ்கொட்லாந்து, வடக்கு அயர்லாந்துக்கு வேறு திட்டங்கள். அங்கே இருந்தால் அந்தந்த அரசின் தளத்தில் பாருங்கள்.

வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். பல பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், வீட்டுக்காரரிடம் கேட்கப் பயம். கேளுங்கள். அவருக்கு முதல் வீட்டுக்கு முழுச் செலவும் கிடைக்கும், அடுத்த வீடுகளுக்குத்தான் பாதியை அவர் போட வேண்டும். இதை எடுத்துச் சொன்னால் சம்மதிப்பார்கள். கவுன்சில் வீடு, ஹவுசிங் அசோசியேஷன் வீடு என்றால் இந்தத் திட்டம் இல்லை, அவர்களுக்கென்று வேறு நிதி இருக்கிறது. அங்கே பூஞ்சணம் வந்தால் எழுத்தில் முறையிடுங்கள். 2020 டிசம்பரில் ரோச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணம் பிடித்த வீட்டில் இருந்து மூச்சு நோய் வந்து இறந்துபோனது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. இத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும், திருத்த வேண்டும் என்று அதில் கெடு இருக்கிறது.

விசாவில் "பப்ளிக் ஃபண்ட்ஸ் எடுக்க முடியாது" என்ற நிபந்தனை உள்ளவர்கள் மட்டும் எதற்கும் விண்ணப்பிக்கும் முன் சிட்டிசன்ஸ் அட்வைஸில் கேட்டுவிடுங்கள். அங்கே ஆலோசனை இலவசம்.

இன்னொன்று, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பியுங்கள். "பிள்ளைகள் பார்க்கிறார்கள்தானே, எங்களுக்கு எதற்கு" என்று கேட்காமலே இருக்கும் அப்பா அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 10,000 பவுண்ட் வரை சேமிப்பு இருந்தாலும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. தகுதி இருந்தால் மூன்று மாதம் பின்தேதியிட்டும் தருவார்கள். அது கிடைத்துவிட்டால் இந்த மானியத்துக்கும் வேறு பல உதவிகளுக்கும் அந்த ஒரு கடிதமே போதும். குளிர்காலத்தில் கரண்ட் பில்லில் 150 பவுண்ட் குறைக்கும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் இந்த வீட்டு மானியத்தின் பகுதி இல்லை, அது தனி.

எங்கள் தெருவில் இருக்கும் மாமி ஒருவர் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறார், இரண்டு பிள்ளைகள். அம்மாவின் சுவரைப் பார்த்துப் பயந்து வேண்டவே வேண்டாம் என்றார். நான் கூட இருந்து சென்ற வருடம் கவுன்சில் வழியாக விண்ணப்பித்தோம். பெனிபிட் கடிதம், கவுன்சில் டாக்ஸ் பில், வீடு அவர் பெயரில் இருப்பதற்கான பத்திரம், இவ்வளவுதான் கேட்டார்கள். பிறகு மாதக்கணக்கில் காத்திருப்பு, அதை மறைக்க மாட்டேன். மதிப்பீட்டாளர் வந்து இரண்டு மணித்தியாலம் ஒவ்வொரு அறையாக அளந்து படம் எடுத்தார். சுவரைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார். கூரைக்குக் கீழே இருந்த பழைய இன்சுலேஷன் நசுங்கி ஒரு சாண்கூட இல்லை. அதை 270 மில்லிமீட்டராக்கி, சமையலறைக்கும் குளியலறைக்கும் ஃபேன் பூட்டி, கதவுகளின் அடியில் காற்றுப் போக இடம் விட்டார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும். மாமியின் பிள்ளைகள் இந்தக் குளிர்காலம் மேல்மாடி அறையில் இருந்து படித்தார்கள்.

அந்த ஃபேனைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நம் வீடுகளில் காலையில் புட்டு அவியும், மாலையில் சோறு வடியும், உடுப்பு ரேடியேட்டரில் காயும். அந்த ஆவியெல்லாம் முன்பு யன்னல் இடுக்குகளால் போய்க்கொண்டிருந்தது. இடுக்குகளை அடைத்து வீட்டை இறுக்கிய பிறகு அது போக வழி வேண்டும். புட்டு அவிப்பது உங்கள் குற்றம் இல்லை. வழி வைக்காமல் மூடிவிட்டுப் போவதுதான் குற்றம். இங்கே இந்த வேலைகளுக்குப் பாஸ் 2035 என்ற தரம் இருக்கிறது, அதன்படி காற்றோட்டத்தைப் பார்த்தே ஆக வேண்டும். யார் வந்தாலும் "காற்றோட்டத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தடுமாறினால் அனுப்பிவிடுங்கள்.

ஏற்கனவே வேலை செய்து கெட்டுப்போன வீடு என்றால் பேசாமல் இருக்காதீர்கள். வேலை டிரஸ்ட்மார்க்கில், அதாவது அரசு அங்கீகரித்த தர அமைப்பில், பதிவாகியிருக்கும், உத்தரவாதப் பத்திரமும் தந்திருக்க வேண்டும். நாங்கள் படங்களுடன், தேதி போட்டு எழுதினோம். முதலில் செய்தவர்கள் ஃபோனே எடுக்கவில்லை. டிரஸ்ட்மார்க்குக்கும் உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுதிய பிறகுதான் அசைந்தது. ஏழு மாதம் இழுத்தது. பலகையின் மேல் விளிம்பை அடைத்து, துளைகளைத் திறந்து, ஃபேன் பூட்டினார்கள். அம்மாவிடம் காசு கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

மதிப்பீட்டாளர் வரும் நாளில் நம் அம்மாக்கள் விருந்தாளி வருவதுபோல் வீட்டைத் துடைத்து, பூஞ்சணத்தையும் தேய்த்துக் கழுவி வைப்பார்கள். என் அம்மாவும் அதைத்தான் செய்யப் பார்த்தார், நான் பிடித்து நிறுத்தினேன். அலமாரியை இழுத்து வைத்து, அந்தக் கறுப்பை அப்படியே காட்டுங்கள்.